கடின வழியும் உரிய வழியும்

கோல சிலாங்கூர் மாவட்டத்தில், தஞ்சோங் காராங்கிற்கும் செகிஞ்சானுக்கும் இடையே அமைந்த சிற்றூர் சுங்கை புரோங். பறவையாறு என்பது அம்மலாய்ப் பெயரின் பொருள். ஒருபுறம் கடல், மறுபுறம் நெல்வயல், அதற்கும் அப்பால் உட்புறத்தே தோட்டங்கள். மலாயாவில் வணிக நோக்கில் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது, 1917-ஆம் ஆண்டு, இம்மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்திலேயாகும். தோட்டத்தின் பெயரே அங்கு உழைத்தவர் பேசிய மொழியைச் சொல்லிவிடும். அத்தகைய தோட்டங்களில் பால்வெட்டியும் குலை சுமந்தும் வாழ்ந்தோரின் பேரப்பிள்ளைகள், இன்று மூன்றாம் படிவத்தின் இறுதியில் ஒரு வினாவின் முன் நிற்கின்றனர். இயற்பியல், வேதியியல், உயிரியல், கூடுதல் கணிதம் என்னும் கடினமான பாடத்தொகுதியை ஏற்பதா, விடுப்பதா என்பதே அவ்வினா.

இது வெறும் பாடத் தேர்வு அன்று. அறத்தைச் சார்ந்த வினாவுமாகும். ஏனெனில், தெரிவு என்பது ஒருவர் தம்மைத் தாமே எவ்வளவு நேர்மையுடன் அறிந்துள்ளார் என்பதற்கு ஓர் உரைகல். மேலும், ஒரு தோட்டக் குடும்பத்தின் பிள்ளை தெரியும் வழி, அப்பிள்ளை ஒருவரை மட்டும் சார்ந்ததன்று. தாய் தந்தையின் உழைப்பும் தம்பி தங்கையரின் எதிர்பார்ப்பும் அதனுடன் பிணைந்துள்ளன.

முற்காலத்தில் இத்தெரிவின் சுமை மாணவர் தோளில் பெரிதும் விழவில்லை. மேனிலை மாணவருள் நூற்றுக்கு 60 பேர் அறிவியல், தொழில்நுட்பத் துறைகளிலும் 40 பேர் கலைத்துறையிலும் பயிலவேண்டும் என்னும் இலக்கு 1967-இல் வகுக்கப்பட்டு, 1970 முதல் கல்விக் கொள்கையாயிற்று. எல்.சி.இ., எஸ்.ஆர்.பி., பி.எம்.ஆர்., பி.தி.3 எனக் காலந்தோறும் பெயர் மாறி வந்த தேர்வுகளின் முடிவே, யார் எவ்வகுப்பில் அமர்வது என்பதைப் பெரும்பாலும் தீர்த்து வைத்தது. 2020-இல் அறிவியல் பிரிவு, கலைப்பிரிவு என்ற கடும் வரம்பு நீக்கப்பட்டுப் பாடத்தொகுதிகள் வந்தன, 2022-இல் பி.தி.3 தேர்வும் நீக்கப்பட்டது. பழைய வேலி தளர்ந்தது. வேலி தளர்ந்த இடத்தில் வழிகாட்டுவோர் கடமை பெருகுகிறது. தெரிவோரின் பொறுப்பும் பெருகுகிறது.

கடின வழியைத் தெரிவதற்குத் தகாத காரணம் ஒன்றுண்டு, அதுவே பெருமை. கெட்டிக்காரருக்கு அறிவியல், மற்றவர்க்குக் கலை என்னும் எண்ணம் நெடுநாளாக வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணம் அறிவியலுக்கும் நன்மை செய்வதில்லை. கலைக்கும் நன்மை செய்வதில்லை. அண்டைவீட்டார் வியக்க வேண்டும் என்பதற்காக இயற்பியலை ஏற்ற மாணவர், வியப்போர் இல்லாத நள்ளிரவில் கணக்கொன்று தீராது நிற்கும்போது துணையற்றுப் போவார். அவ்வாறே, கடின வழியை விடுப்பதற்கும் தகாத காரணம் ஒன்றுண்டு, அது அச்சம். நம் குடும்பத்தில் எவரும் படித்ததில்லை, நமக்கு இது எட்டாது என்று தொடங்குமுன்பே பின்வாங்குவது அடக்கமாகாது. அது பிறர் தன்மீது சுமத்திய மதிப்பீட்டைத் தானும் ஒப்புக்கொள்வதாகும்.

பெருமையும் அச்சமும் தகா எனின், தக்க காரணம் யாது? அதற்கு விடை கோல சிலாங்கூர் மண்ணிலேயே உள்ளது. கம்போங் குவாந்தானில், சிலாங்கூர் ஆற்றங்கரை மரங்களில் மின்மினிகள் இரவுதோறும் ஒன்றுபோல் விட்டுவிட்டு ஒளிர்கின்றன. அவ்வொளி எதனால் பிறக்கிறது என்பதற்கு விடை தருவது வேதியியல்: லூசிபெரின் என்னும் பொருள், லூசிபெரேசு என்னும் நொதியின் துணையால் உயிர்வளியுடன் வினைபுரிகையில் ஒளி தோன்றுகிறது. ஏன் ஒளிர்கின்றன என்பதற்கு விடை உயிரியல்: அது இணையை நாடும் அழைப்பு. அவ்வொளியின் நிறமும் அளவும் இயற்பியலுக்கு உரியன. ஆயிரம் பூச்சிகள் ஒரே தாளத்தில் இயங்குவதை விளக்கக் கணிதம் வேண்டும். ஆதலின், இந்நான்கு பாடங்களும் தனித்தனிச் சுமைகளல்ல. ஒரே வினாவின் நான்கு வாயில்கள். அவ்வினாவை விடாது பற்றிக்கொள்ளும் மனம் உடையவர்க்குக் கடினம் தடையாகாது. அம்மனம் வேறு துறையில் இருப்பின், அத்துறையே அவர்க்கு உரிய வழி.

ஆயினும், ஆர்வம் ஒன்றே போதும் என்று முடிவு கட்டுவதற்கில்லை. கணித மேதை இராமானுசன் கணிதத்தில் மட்டுமே ஆழ்ந்து ஏனைய பாடங்களைக் கைவிட்டதால், கும்பகோணம் கல்லூரியில் பெற்ற உதவித்தொகையை இழந்தார், எப்.ஏ. தேர்விலும் தேறவில்லை. 1913-இல் அவர் எழுதிய கடிதம் கேம்பிரிட்சுக் கணித அறிஞர் ஆர்டியின் கைக்கு எட்டியிராவிடில், அவ்வாழ்வு எவ்வாறு முடிந்திருக்கும்? மேதையின் வாழ்வை எல்லார்க்கும் விதியாக்குவது அறமன்று. மறுபுறம், சர் சி. வி. இராமன் 1907-இல் நிதித்துறைப் பணியை ஏற்றார். அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதில் கல்கத்தாவில் ஆய்வு நடத்தினார். 1917-இல் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1930-இல் நோபல் பரிசு பெற்றார். பிழைப்பிற்கான வழியைத் தெரிந்ததால் அறிவின் வழி அவர்க்கு அடைபட்டுவிடவில்லை. பதினாறாம் வயதின் தெரிவு மதிப்புடையது. ஆயினும் அது வாழ்வின் இறுதித் தீர்ப்பன்று.

திருவள்ளுவர் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்துள்ளார். அரசர்க்கு உரைத்த அம்முறை மாணவர்க்கும் பொருந்தும். ஏற்கும் பாடம் எத்தகையது, அது எந்தத் தொழிலுக்கு வாயில் என்பதை அறிதல் முதற்படி. தன் ஆற்றலையும், துணைநிற்போர் ஆற்றலையும் அளத்தல் இரண்டாம் படி. நாள்தோறும் அதற்கு ஒதுக்கத்தக்க பொழுதைக் கணக்கிடுதல் மூன்றாம் படி. பள்ளியில் அப்பாடம் நடத்தப்படுகிறதா, இல்லையேல் எங்குச் சென்று பயில்வது என்பதை ஆராய்தல் நான்காம் படி. தோட்டத்துப் பிள்ளைக்கு நான்காம் படியே பெரும்பாலும் இடறும் படியாகும். அங்கே மாணவரைக் குறை கூறுதல் முறையன்று.

இவ்விடத்தில் தமிழாசிரியரை உறுத்தும் வினாவொன்று எழுகிறது. அறிவியல் தொகுதியை ஏற்போர் எஸ்.பி.எம். தேர்வில் தமிழையும் தமிழ் இலக்கியத்தையும் கைவிட வேண்டுமா? தேர்வில் 10 பாடங்களுக்கு மேல் எழுதலாகாது என்னும் அறிவிப்பு 2009-இல் வந்தபோது, தமிழர் அமைப்புகள் எதிர்ப்புக் குரல் எழுப்பின. அதன்பின் 12 பாடங்கள் வரை எழுத இசைவு கிடைத்தது. கிடைத்த இசைவைப் பயன்படுத்துவதும் விடுவதும் மாணவர் உள்ளத்தைச் சார்ந்தது. தமிழும் அறிவியலும் பகையல்ல என்பதற்கு வரலாறு சான்று. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் கிறீன், மானிப்பாயில் தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் கற்பித்தார்; மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். அயலவர் ஒருவர் தமிழை அறிவியலுக்கு ஏற்ற மொழியாகக் கண்டிருக்க, தமிழர் அதனை அறிவியலுக்கு இடையூறென்று எண்ணுவது தகுமா? எனினும், மொழிப்பற்றின் பெயரால் மாணவர் மீது தாங்கொணாச் சுமையை ஏற்றுவதும் அன்பாகாது. வாரத்திற்குச் சில மணி நேரம் மொழிக்கு ஒதுக்க இயலுமா என்பதை மாணவரோடு அமர்ந்து கணக்கிட்டுக் காட்டுபவரே நல்லாசிரியர்.

இறுதியாக எண்ணத்தக்கது ஒன்றுண்டு. வரலாற்றில் ஒரு பாடத்தைத் தவறவிட்டவர் அடுத்ததைப் பயில இயலும். கணிதத்திலோ படி ஒன்று விடுபடின், அதற்கு மேலுள்ள படிகளில் கால் ஊன்ற இடமில்லை. பின்னம் விளங்காதவர்க்கு இயற்கணிதம் விளங்காது. இயற்கணிதம் விளங்காதவர்க்கு நுண்கணிதம் எட்டாக்கனி. ஆகவே, நான்காம் படிவத்தில் கூடுதல் கணிதம் கடினம் என்று ஒரு மாணவி ஒதுங்குகையில், அவள் உண்மையில் ஒதுங்கத் தொடங்கியது பல ஆண்டுகளுக்கு முன், தமிழ்ப்பள்ளியின் நான்காம் ஆண்டு வகுப்பில், அரையும் காலும் விளங்காத ஒரு நாளிலாக இருக்கலாம். அன்று கைதூக்கி ஐயம் கேட்க அவள் அஞ்சினாள். அதனை எவரும் கவனிக்கவில்லை.

தெரிவு என்பது உண்மையில் தெரிவாக இருக்கவேண்டுமாயின், இரு வழிகளும் திறந்திருத்தல் வேண்டும். ஒரு வழி முன்பே அடைபட்டபின், மற்றதைக் காட்டி உன் விருப்பப்படி செல் என்பது நேர்மையாகாது. பதினாறு வயதுப் பெண்ணுக்கு அவ்வழியைத் திறந்து வைப்பவர், பத்து வயதுச் சிறுமியின் அருகில் குனிந்து நின்று, ஒரு பின்னக் கணக்கை மூன்றாம் முறையும் முகம் சுளிக்காமல் விளக்கும் ஆசிரியரே. அவ்வாறு திறந்த வழியில் அவள் செல்லலாம், செல்லாமலும் இருக்கலாம். எதைத் தெரிந்தாலும் அது அவளுடைய தெரிவாகவே இருக்கும்.