வராத அலையின் கணக்கு

வீடு எரிந்த பிறகு வாரி வழங்குகிற கை, எரியுமுன் ஒரு குடம் தண்ணீருக்குக் கணக்குக் கேட்கிறது. இதை மனித சுபாவம் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்க என் மனம் ஒப்பவில்லை.

2004 டிசம்பர் 26-ம் தேதி காலை, புதுச்சேரிக்கு அருகே நல்லவாடு என்னும் மீனவர் கிராமத்தில் ஒலிபெருக்கி அலறிற்று. சிங்கப்பூரிலிருந்த அவ்வூர்க்காரர் ஒருவர், சுனாமிச் செய்தி அறிந்து தொலைபேசியில் எச்சரித்திருந்தார். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கி அது. வீடுகள் போயின, படகுகள் போயின. ஏறக்குறைய 3,600 பேரில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அதே நாளில் தமிழ்நாட்டுக் கரையில் சுமார் 8,000 பேர் மாண்டார்கள்.

"பள்ளிக்கூடத்துக்கே கூரையில்லை, என்றோ வரும் அலைக்கு இப்போதே செலவா?" என்று கேட்பவரை நான் பரிகசிக்க மாட்டேன். ஏழை ஊரின் நியாயமான கேள்விதான் அது. ஆனால் நல்லவாட்டு ஒலிபெருக்கி சுனாமிக்காக வைத்ததன்று. கடலுக்குப் போகிறவர்களுக்கு அன்றாடம் அலை நிலவரம் சொல்ல வைத்தது. தினமும் உண்மை சொன்ன குரலை, ஆபத்து வந்த அன்றும் ஜனங்கள் நம்பினார்கள்.

சரி, செலவை யார் ஏற்பது? காசு கொடுத்தவன் காதில் மட்டும் விழும்படி சங்கு ஊத முடியாது. முடிந்தாலும் அது பாவம். ஆகவே பொதுப்பணம்தான் வேண்டும். 2007-ல் ஹைதராபாத்தில் அப்படியொரு சுனாமி எச்சரிக்கை மையம் எழுந்தது. கடலடி நிலநடுக்கத்தை அது சில நிமிஷங்களில் கண்டுகொள்ளும். ஆனால் ஹைதராபாத் அறிந்தது, குப்பத்துக் குடிசையில் தூங்கும் கிழவியின் காதுக்கு எட்ட வேண்டுமே! அதற்கு ஒலிபெருக்கி வேண்டும், பாட்டரி வேண்டும், பழுது பார்க்க ஆள் வேண்டும். திறப்பு விழாவோடு தீர்கிற செலவல்ல, மாதாமாதம் தொடர்வது.

2012 ஏப்ரல் 11-ம் தேதி சுமத்ராவுக்கு அப்பால் பூமி பலமாக அதிர்ந்தது. எச்சரிக்கை வந்தது, நம் கரையோர ஜனங்கள் ஓடினார்கள், பெரிய அலை வரவில்லை. வீண் அலைச்சல் என்பீர்களா? திருடன் வராத இரவுக்குக் காவல்காரனின் கூலியைப் பிடித்துக்கொள்கிறோமா?

செத்தவர் வீட்டுக்குப் பணம் கொடுக்கும்போது கொடுப்பவருக்கு மனம் நிறைகிறது, ஊரும் புகழ்கிறது. ஒலிபெருக்கிக்குப் பாட்டரி வாங்கிப் போட்டவனை யாரும் புகழ்வதில்லை. ஆனால் முன்னது இரக்கம். பின்னது நாம் அந்தக் கரைக்குப் பட்டிருக்கிற கடன். கடனைக் கட்டாதவன் இரக்கம் காட்டிப் பெயர் வாங்குவது எனக்குச் சம்மதமில்லை.