மதிப்பெண்ணும் நீதியும்

நீதி என்றவுடன் நமக்கு நீதிமன்றமே நினைவுக்கு வருகிறது. ஆயினும், நம்முள் பெரும்பாலோர் முதன்முதலாகத் தீர்ப்புக்கு உட்படுவது வகுப்பறையில்தான். ஆசிரியர் இடும் மதிப்பெண்ணும் ஒரு தீர்ப்பே. அது உதவித்தொகையைத் தரவும் பறிக்கவும், ஒரு துறையின் கதவைத் திறக்கவும் அடைக்கவும் வல்லது. அத்தகைய தீர்ப்பு எப்போது நீதியானதாகிறது? விதியை வழுவாது காப்பதாலா, அதைத் தளர்த்தி இரக்கம் காட்டுவதாலா? இவ்வினாவை ஒரு பாடத்தின் விதிமுறைகளைக் கொண்டு எண்ணிப் பார்ப்போம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அறிவியலும் பொறியியலும் பயில்வோர், பெரும்பாலும் முதல் ஈராண்டுகளுக்குள் வகைக்கெழுச் சமன்பாடுகள் எனும் கணிதப் பாடத்தைக் கற்கின்றனர். காலத்தோடு மாறும் பொருள்களை ஆராயும் பாடம் அது. நம் நாட்டு இணைப்புக் கல்லூரிகளில் இறுதித்தேர்வைப் பல்கலைக்கழகம் நடத்துகிறது. அங்கோ, கற்பிக்கும் ஆசிரியரே மதிப்பெண்ணும் இடுகிறார். இத்தகைய அதிகாரம் ஒருவர் கையில் இருப்பதால், அவர் முதல் நாளிலேயே விதிமுறைத்தாள் ஒன்றை வழங்கித் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்கிறார். வாராந்தர வீட்டுப்பாடத்திற்கு எத்தனை விழுக்காடு, இடைத்தேர்வுகளுக்கு எத்தனை, இறுதித்தேர்வுக்கு எத்தனை என்பதெல்லாம் அதில் இருக்கும். அது மாணவர்க்கு இடும் கட்டளை மட்டுமன்று. ஆசிரியர் அளிக்கும் வாக்குறுதியுமாகும்.

அத்தாள்களில் இரண்டு விதிகளை அடுத்தடுத்துக் காண்பது வழக்கம். ‘காலந்தாழ்ந்த வீட்டுப்பாடம் ஏற்கப்படாது’ என்பது ஒன்று. ‘மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற ஒன்றோ இரண்டோ வீட்டுப்பாடங்கள் கணக்கில் சேரா’ என்பது மற்றொன்று. முன்னது கடுமையாகவும் பின்னது கனிவாகவும் தோன்றினும், இரண்டும் ஒரே நோக்கமுடையவை. காய்ச்சலில் கிடந்த மாணவர் இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் நாவன்மை உடையவர். ஆசிரியரின் அறைக்குச் சென்று கேட்டு, இரண்டு நாள் தவணை பெறுகிறார். மற்றவர் தம் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர். கேட்கலாம் என்பதே அவருக்குத் தெரியாது. கேட்டவர்க்கு மட்டும் கிடைக்கும் இரக்கம், கேட்கத் துணியாதவர்க்கு அநீதியாகிறது. விதிக்குள்ளேயே எழுதி வைத்த இரக்கமோ, கேளாதவரையும் தேடிச் செல்கிறது.

ஆயின், எல்லாத் துன்பத்தையும் முன்னறிந்து விதி எழுத இயலுமா? தாயை இழந்து மூன்று வாரம் வகுப்புக்கு வராத மாணவரிடம், இரண்டு வீட்டுப்பாடங்களை விலக்கிவிட்டோம் என்று சொல்வது போதுமா? சட்டம் பொதுவாகப் பேசுவதாலேயே சில இடங்களில் பிழைபடுகிறது என்றும், அங்கே அதைச் செம்மைப்படுத்துவதும் நீதியே என்றும் அரிஸ்டாட்டில் விளக்கினார். லெஸ்போஸ் தீவின் கட்டடக் கலைஞர்கள் பயன்படுத்திய, கல்லின் வடிவுக்கேற்ப வளையும் ஈய அளவுகோலை அவர் உவமையாக்கினார். புனித தாமஸ் அக்குவினாஸும் இக்கருத்தை ஏற்று, அதனை ஒரு நற்பண்பாகவே வைத்து எண்ணினார். இன்று பல பல்கலைக்கழகங்களில் இத்தகைய துயரங்களைக் கேட்டறிந்து ஆசிரியருக்குத் தெரிவிக்கும் பொறுப்பு, மாணவர் நல அலுவலகத்திடம் உள்ளது. மதிப்பெண் இடுபவர் முன்னிலையிலேயே தம் துயரைச் சொல்லி மன்றாட வேண்டிய நிலை, இதனால் மாணவர்க்கு நீங்குகிறது.

இன்னும் நுட்பமான வினா ஒன்றுண்டு. மதிப்பெண் எதை அளக்க வேண்டும்? கற்றுச் செல்லும் பாதையையா, சென்றடைந்த இடத்தையா? இடைத்தேர்வு ஒவ்வொன்றிற்கும் 25 விழுக்காடு, இறுதித்தேர்வுக்கு 50 விழுக்காடு என்று கொள்வோம். ஒரு மாணவி முறையே 40, 60, 90 பெறுகிறாள். மற்றொருத்தி மூன்றிலும் 70 பெறுகிறாள். கணக்கிட்டால் இருவருக்கும் 70. முதலாமவள் இன்று பாடத்தை நன்கு அறிந்திருந்தும், பருவத் தொடக்கத்தில் அறியாதிருந்ததற்காக இறுதிவரை தண்டம் செலுத்துகிறாள். இது முறையா?

அப்பாடமே இதற்கு ஒரு விடையைக் குறிப்பால் உணர்த்துகிறது. நியூட்டனின் குளிர்வு விதிப்படி, கொதிநீரும் வெதுவெதுப்பான நீரும் ஒரே அறையில் வைக்கப்பட்டால், நேரம் செல்லச் செல்ல இரண்டும் அறையின் வெப்பநிலையையே அணுகும். தொடக்க நிலையின் தாக்கம் சிறிது சிறிதாகத் தேய்ந்துபோகும். இறுதித்தேர்வில் சிறந்து விளங்கினால், அம்மதிப்பெண் மிகக் குறைந்த இடைத்தேர்வு மதிப்பெண்ணுக்கு ஈடாகக் கொள்ளப்படும் என்று சில ஆசிரியர்கள் விதி செய்கின்றனர். அவ்வாறாயின் முதலாமவளுக்கு 82.5 கிடைக்கும். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், முதலாண்டின் முதற்பருவத்தில் தவறிய பாடம் வெளியே வழங்கும் சான்றிதழில் இடம்பெறுவதேயில்லை. வெவ்வேறு பள்ளிகளிலிருந்து வருவோர் ஒரே தளத்தில் கால் ஊன்றச் சிறிது காலம் வேண்டும் என்பதை உணர்ந்த ஏற்பாடு அது.

அப்படியானால், சீராக உழைத்து 70 பெற்றவளுக்கு இது இழப்பாகாதா? திராட்சைத் தோட்டத்தில் காலை முதல் உழைத்தவர்களின் முணுமுணுப்பு இங்கும் கேட்கிறது. ஆனால், அவளுடைய 70 குறையவில்லை. ஒப்புக்கொண்டது அவளுக்குக் கிடைத்தது. மதிப்பெண்ணைத் தரவரிசையாகக் கொண்டால்தான் பிறர் உயர்வு அவளுக்குத் தாழ்வாகும். மேற்சொன்ன கழகம், குறித்த எண்ணிக்கையினர்க்கே முதல்தரம் என்று முன்கூட்டியே பங்கிடுவதைத் தன் விதிகளில் தடை செய்துள்ளது. அறிவை அளக்காமல் வரிசையை மட்டும் பார்த்தால், அயலார்க்குக் கணக்கொன்றை விளக்குவதும் தனக்கே கேடாகிவிடும். ‘கூடிப் பேசுங்கள், ஆனால் விடையைத் தனித்து எழுதுங்கள், உதவியவர் பெயரையும் குறியுங்கள்’ என்று பல விதிமுறைத்தாள்கள் கூறும் நல்லுரையும் அங்கே பொருளிழக்கும். கேம்பிரிட்ஜில் 1909 வரை கணிதத் தேர்வின் முடிவுகள் தரவரிசைப்படியே வெளியாயின. நம் இராமானுஜனின் மேதைமையை உலகறியச் செய்த ஹார்டி, 1898-இல் அவ்வரிசையில் நான்காம் இடம் பெற்றவர். அம்முறையை ஒழிக்க முனைந்தவர்களுள் அவரும் ஒருவர்.

ஆகவே, விதியா இரக்கமா என்பது சரியான வினா அன்று. இரக்கத்தை முன்கூட்டியே எண்ணி விதியில் எழுதுவது முதற்கடமை. விதி காணாத துயரைக் காணக் கண் திறந்திருப்பது அடுத்த கடமை. இல்லத்திலும் பங்கிலும் பணியிடத்திலும் பிறரை எடைபோடும் பொறுப்பு நமக்கு நாள்தோறும் நேர்கிறது. நாம் இரக்கம் காட்டினோமா என்று கேட்டுக்கொள்வதோடு, நம்மிடம் வந்து கேட்கத் தெரியாதவர்க்கும் அது கிட்டியதா என்று கேட்டுக்கொள்வோம்.