அண்டா யாருக்கு?

அனுப்பர்பாளையத்தைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடலாம். திருப்பூர் முழுக்கத் தையல் மெஷின் சத்தம் என்றால், இங்கே மட்டும் 'டங்... டங்...'. பனியன் ஊருக்குள் ஒரு பாத்திர ஊர். குடம், அண்டா, போசி எல்லாம் பட்டறை பட்டறையாகப் பிறக்கிற இடம்.

வீட்டு விசேஷத்துக்காக ஒரு பித்தளை அண்டா வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் தெரிந்தவர் என்பதால் பின்னால் இருந்த பட்டறை வரை போக முடிந்தது. ஒரு மூலையில் எவர்சில்வர் அண்டாக்கள் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. பளபளவென்று, எல்லாம் ஒரே அளவு.

"கல்யாண ஆர்டருங்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. மாடு புடிக்குப் போகுது, தை மாசத்துக்கு" என்றார், விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்த பெரியவர். சுத்தியல் நிற்கவில்லை.

ஜல்லிக்கட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள், நேரில் இல்லாவிட்டாலும் பொங்கல் சமயத்தில் டி.வி.யிலாவது. 2014-ல் சுப்ரீம் கோர்ட் தடை, 2017 ஜனவரியில் மெரினா, அதே மாதம் சட்டத்திருத்தம், 2023 மே மாதம் 'அந்தச் சட்டம் செல்லும்' என்ற தீர்ப்பு. அந்த வழக்குக்குள் இப்போது போக வேண்டாம். எனக்குச் சந்தேகம் மைக்கில் வரும் குரலைப் பற்றித்தான். வீரன் கையிலிருந்து திமில் நழுவியதும் அறிவிப்பு வரும்: "மாடு ஜெயிச்சிருச்சு... மாட்டுக்காரர் வந்து அண்டாவை வாங்கிக்கங்க!"

ஓடியது மாடு, அண்டா மாட்டுக்காரருக்கு. இது நியாயம்தானா?

சிரிக்காதீர்கள். அண்டாவை வைத்துக்கொண்டு மாடு என்ன செய்யும் என்பீர்கள். (தண்ணீர் குடிக்கும்!) ஆனால் அந்த மாடு இருக்கிற இடத்தில் ஒரு மனிதனை வைத்துப் பாருங்கள், கேள்வி கொஞ்சம் உறுத்த ஆரம்பிக்கும். அப்படி மனிதனை வைத்தே நடத்திக் காட்டியவர்கள் பழைய கிரேக்கர்கள்.

ஒலிம்பியாவில் கி.மு. 776-ல் தொடங்கியதாகச் சொல்லப்படும் போட்டிகளில், ஜெயித்தவன் தலையில் ஆலிவ் இலைக் கிரீடம் வைப்பார்கள். இரண்டாம் பரிசு, ஆறுதல் பரிசு எதுவும் கிடையாது. ஓட்டமோ மல்யுத்தமோ, ஓடியவனுக்கும் கட்டிப் புரண்டவனுக்கும் கிரீடம். இதில் குழப்பமில்லை. தேர்ப்பந்தயம் வந்தால்தான் கதை மாறும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டியவனுக்குக் கிரீடம் இல்லை. குதிரைகளின் சொந்தக்காரருக்கு! அவர் திடல் பக்கம் வந்திருக்கக்கூட வேண்டியதில்லை.

இதனால் ஒரு வேடிக்கை நடந்தது. கல்யாணமான பெண்கள் எட்டிப் பார்க்கவும் கூடாது என்று இருந்த ஒலிம்பியாவில், ஒரு பெண் சாம்பியன் ஆனார். ஸ்பார்ட்டா அரசன் அஜெசிலாவோஸின் சகோதரி கினிஸ்கா. கி.மு. 396-லும் 392-லும் நாலு குதிரைத் தேரில் அவருக்குத்தான் வெற்றி. படித்தபோது நான் மனசுக்குள் கைதட்டினேன். அப்புறம்தான் தோன்றியது... கடிவாளம் பிடித்தவன் பேர் என்ன? அது நம் வரைக்கும் வந்து சேரவில்லை.

இன்னொன்று கேளுங்கள். கொரிந்து நகரத்து ஃபைடோலாஸ் என்பவரின் பெண்குதிரை அவுரா. பந்தயம் தொடங்கியதுமே சவாரிக்காரன் கீழே விழுந்துவிட்டான். குதிரை நிற்கவில்லை. திரும்ப வேண்டிய இடத்தில் தானாகத் திரும்பி, எக்காளம் ஊதியதும் வேகமெடுத்து, முதலாவதாக வந்து நின்றது. நடுவர்கள் வெற்றியைச் சொந்தக்காரருக்கே கொடுத்தார்கள். குதிரைக்குச் சிலை வைத்துக்கொள்ளவும் அனுமதி கொடுத்தார்கள். இதை எழுதி வைத்த பௌசானியாஸ் குதிரையின் பெயரைச் சொல்கிறார், சொந்தக்காரர் பெயரைச் சொல்கிறார். விழுந்தவன் பெயரைச் சொல்லவில்லை.

டெல்ஃபியில் ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. 1896-ல் மண்ணுக்கடியிலிருந்து எடுத்தது. நீளமான அங்கியும் கையில் கடிவாளத் துண்டும் கண்ணில் பதித்த கருவிழியுமாக ஒரு தேரோட்டி. கிரேக்க வெண்கலச் சிலைகளில் இதைவிடப் பிரபலமானது அபூர்வம். பீடத்தில் உள்ள எழுத்து, கொடையளித்த பொலிசாலோஸ் என்ற ஆட்சியாளனின் பெயரைச் சொல்கிறது. தேரோட்டி யார்? சிலையை வார்த்தது யார்? மூச்!

எல்லாத் தேரோட்டியும் இப்படி மறைந்துபோகவில்லை. சிரேனே நாட்டு அரசனுக்காக கி.மு. 462-ல் டெல்ஃபியில் தேரோட்டி ஜெயித்த கர்ரோட்டோஸ் என்பவரைக் கவிஞர் பிண்டார் பெயர் சொல்லிப் பாராட்டியிருக்கிறார். நாற்பது தேரோட்டிகள் விழுந்த பந்தயத்தில் தேருக்குக் கீறல் இல்லாமல் வந்தவராம். ஆஹா, உழைப்புக்கு மரியாதை என்று சந்தோஷப்பட்டேன். பழைய உரைகாரர்கள் ஒரு தகவலைச் சேர்க்கிறார்கள்: கர்ரோட்டோஸ் அரசனின் மச்சான்!

நான் பி.காம். படித்தவன். முதல் போட்டவருக்கு லாபம், உழைத்தவருக்குக் கூலி என்று எனக்குச் சொல்லித்தந்தார்கள். நஷ்டம் வந்தால் தாங்குகிறவர் முதலாளி, அதனால் லாபமும் அவருக்கு. தேருக்கும் அதே கணக்குதான் என்று வாதாடலாம். குதிரை வாங்கியது, தீனி போட்டது, கப்பலில் ஏற்றி வந்தது எல்லாம் அவர் காசு. ஆனால் ஒரு வரவு மட்டும் இந்தப் பேரேட்டில் இடம் பிடிக்காமல் நிற்கிறது. தேர் கவிழ்ந்தால் எலும்பு முறிவது யாருக்கு?

நம் மாட்டுக்காரரை இந்தப் பட்டியலில் சேர்க்க எனக்கு மனசு வரவில்லை. அலங்காநல்லூரானாலும் திருப்பூர் மாவட்டத்து அலகுமலையானாலும், வாடிவாசலுக்குப் பின்னால் கயிறோடு நிற்கிறவர்களைப் பாருங்கள். நீச்சலும் நடையும் பழக்கி, தன் வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துப் பருத்திக்கொட்டை வைத்தவர்கள். அவர்களில் பெண்கள் உண்டு, காலேஜ் பையன்கள் உண்டு. அவர்கள் அண்டாவைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போகும்போது யாருக்கும் பொறாமை வராது. ஆனால் கார், டிராக்டர் என்று பரிசு பெருத்துவிட்ட இந்தக் காலத்தில், ஆள் வைத்து மாடு வளர்க்கிற பெரிய இடங்களும் இருக்கின்றன. அந்த மாடு ஜெயித்தால் மைக்கில் வருவது யார் பேர்? தினமும் அதன் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தவன் பேரா?

பரிசை முதலாளி எடுத்துக்கொள்ளட்டும். அதில் எனக்குச் சண்டையில்லை, காசு அவருடையது. பேரையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறாரே, அதுதான் இடிக்கிறது. பேர் விழுந்தவனுக்குச் சேர வேண்டியது. விழ வாய்ப்பிருந்தவனுக்காவது.

பரிசாகப் பாத்திரம் தருகிற பழக்கமும் ரொம்பப் பழசு. ஹோமரின் 'இலியட்'டில் ஒரு மல்யுத்தம் வருகிறது. ஜெயித்தால் மூன்று கால் வைத்த பெரிய கொப்பரை, மதிப்பு 12 மாடு. தோற்றால் கைவேலைகள் நன்கு தெரிந்த ஒரு பெண், மதிப்பு 4 மாடு. ஒரு பாத்திரத்துக்கு மூன்று பெண்கள் சமம்! கொப்பரையைச் செய்தவன் கணக்கிலேயே இல்லை.

பிற்பாடு ஏதென்ஸ் நகரத் திருவிழாவில் ஜாடி ஜாடியாக ஆலிவ் எண்ணெய் கொடுத்தார்கள். கி.மு. நாலாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றில், இரட்டைக் குதிரைத் தேர்ப்பந்தயத்தில் முதல் பரிசு 140 ஜாடி, இரண்டாவது 40 ஜாடி என்று இருக்கிறது. ஜாடியின் மேல் 'ஏதென்ஸ் போட்டியின் பரிசு' என்று எழுதியிருக்கும். நம்மூர் 'உபயம்' மாதிரிதான். ஆனால் மிகச் சில ஜாடிகளில், அதைச் செய்த குயவர் தன் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார். ஜெயித்தவன் பேர் இல்லாத ஜாடியில் செய்தவன் பேர்!

இதை அந்தப் பட்டறைப் பெரியவரிடம் உற்சாகமாகச் சொன்னேன். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"டிவியில மாடு புடி போட்டாங்கன்னா, நான் மாட்டைப் பாக்க மாட்டேனுங்க. அண்டாவைத்தான் பாப்பேன். விளிம்பு மடிச்சிருக்கிற வாட்டம் பாத்தா நம்ம கை வேலையான்னு தெரிஞ்சுபோயிரும்."

"அப்ப உங்க பேரையும் ஓரமா வெட்டி விடலாமில்லீங்க?"

சிரித்தார். "பேரு கெடக்குதுங்க. கூலியைக் கொஞ்சம் ஏத்திக் குடுத்தாப் போதும்."

கூலி உயர்வு கேட்டுப் பட்டறைகள் பல தடவை மூடிக் கிடந்த ஊர் இது. எனக்குப் பதில் வரவில்லை. பேரைப் பற்றி இவ்வளவு நேரம் யோசிக்க, வாரம் தவறாமல் தன் பேரை அச்சில் பார்க்கிறவனால்தான் முடியும் போலிருக்கிறது.

என் பித்தளை அண்டா தயாரானதும் கடைப் பையன் பேர் வெட்டுகிற மெஷினோடு வந்து உட்கார்ந்தான்.

"என்ன பேருங்கண்ணா போடறது?"

பெரியவர் பக்கம் திரும்பினேன். அவர் அடுத்த அண்டாவைத் தட்ட ஆரம்பித்திருந்தார்.

என் பேரைத்தான் சொன்னேன். இனிஷியலோடு.