என் மெஷினில் ஓடுதே!

கம்ப்யூட்டருக்குச் சாதி கிடையாது. இதை நான் மறுக்கப் போறதில்லை. வெப்சைட்டுக்குக் கோடு எழுதிப் பிழைக்கிறவன் நான். ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் அக்ரகாரத்துப் பையனுக்கும் ஓடாது, சேரிப் பையனுக்கும் ஓடாது. 'உங்க ஊர்ல எந்தத் தெரு?' என்று கேட்காத வாத்தியார் இந்த எந்திரம். பிரவுசரில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதன் மூலத்தைப் பார்க்கலாம். அப்படிப் பார்த்துப் பார்த்தே தொழில் கத்துக்கிட்டவங்க ஏராளம். கட்டைவிரல் கேட்காத கல்வி அது.

ஆனால் எந்திரம் பார்க்காததால மனுசனும் பார்க்கலைன்னு ஆயிடுமா?

கோடை ஓட்டுவதுதான் எந்திரம். ஆள் எடுப்பது, எழுதினதைத் திருத்துவது, சம்பளம் உயர்த்துவது, மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவது எல்லாம் மனுசன். தனியார் கம்பெனியில் இடஒதுக்கீடு இல்லை, ரெஃபரல் உண்டு. தனக்குத் தெரிஞ்சவனை உள்ளே சொல்லிவிடுவதற்குத்தான் அந்தப் பேர். யாருக்கு யாரைத் தெரியும்? ஊருக்கு ஊரைத் தெரியும், சேரியைத் தெரியாது. இடஒதுக்கீட்டால் கெட்டுப்போகிற தகுதி, ரெஃபரலால் மட்டும் கெடுவதில்லையாம்!

இந்தத் தகுதியின் கதையே வேடிக்கை. 'மெரிட்டாக்ரசி' என்ற சொல்லைப் பரவலாக்கியவர் இங்கிலாந்துச் சமூகவியலாளர் மைக்கேல் யங். 1958ல் அவர் எழுதியது கிண்டல். அந்தக் கிண்டலையே கொடியாக்கி, 'கோடு மட்டும் பேசட்டும், ஆள் யாருன்னு பார்க்க மாட்டோம்' என்று பெருமை பேசின குழுக்கள் எங்க தொழிலில் உண்டு. மோசில்லா 2018ல்தான் தன் நிர்வாக ஆவணங்களிலிருந்து அந்தச் சொல்லை எடுத்தது.

எங்களுக்குள் ஒரு பழைய நக்கல் உண்டு. 'இது ஓடலை' என்று யாராவது புகார் சொன்னால், எழுதினவன் சொல்வான்: 'என் மெஷினில் ஓடுதே!' எல்லாரும் சிரிப்பாங்க. ஏன்னா அது பதிலே இல்லை. யாருக்கு ஓடலையோ அவர் மெஷினில்தான் பிழையைத் தேடணும். அதுதான் தொழில் தர்மம். 'எங்க ஆபீஸில் சாதி இல்லையே' என்று சொல்கிறபோது மட்டும் ஏன் யாரும் சிரிக்கிறதில்லை?

2020 ஜூனில் கலிபோர்னியா அரசுத் துறை ஒன்று சிஸ்கோ கம்பெனி மேல் வழக்குப் போட்டது. தலித் பொறியாளர் ஒருவரை ஆதிக்கசாதி மேலாளர்கள் ஒதுக்கினார்கள் என்பது புகார். கம்பெனி மறுத்தது. 2023ல் மேலாளர்கள் இருவர் மீதான வழக்கை அரசுத் துறையே விலக்கிக்கொண்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அக்டோபரில் அதே நோக்கமுள்ள மசோதாவை, இருக்கிற சட்டமே போதும் என்று கலிபோர்னியா ஆளுநர் நிராகரித்தார். இதுவும் ஒருவகையில் 'என் மெஷினில் ஓடுதே'தான்.

சாதியைப் பார்க்காமல் இருப்பது நீதியா? பார்க்காமல் இருக்கிற சொகுசு மேலே இருக்கிறவனுக்கு மட்டுமே வாய்க்கிறது. அடி வாங்கினவனுக்கு அது கிடையாது. பிழையைச் சொல்கிறவன் குழுவைக் கெடுக்கிறவன் இல்லை. அவன்தான் டெஸ்டர். டெஸ்டர் மேல் எரிஞ்சு விழுகிற கம்பெனி உருப்படாது, சமூகமும் அப்படித்தான்.

அங்கே உட்கார்ந்திருக்கிற நம்ம பிள்ளைகளுக்கு ஒண்ணு சொல்லணும். அடையாளத்தை மறைச்சு வேலை பார்ப்பதில் அவமானம் ஏதுமில்லை, சோறு முக்கியம். ஆனால் நடந்ததை எழுதி வையுங்க: என்ன நடந்தது, என்னைக்கு, யார் முன்னாடி. ஒருத்தர் சொன்னால் தற்செயல் என்பான். பத்துப் பேர் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைச்சால் அது அமைப்பின் பிழை. அந்தப் பத்துப் பேரும் கூடுகிற இடம்தான் நமக்கான தொழில் சமூகம்.