கருவிக் குறையும் உயிர்க்குற்றமும்

உயிர் வேறு, அஃது அறிதற்கும் செய்தற்கும் வாயிலாகிய கருவிகள் வேறு என்பது சித்தாந்தத் துணிபு. இதனைப் பாடமாக ஓதினார் பலர். தம் இல்லத்தே ஒருவர்க்குக் கருவி பழுதுற்றவிடத்து இதனை நினைப்பார் மிகச் சிலர்.

குறுக்குத்துறையில் நீராடி, நெல்லையப்பரை நாடோறும் வழிபட்டு, நாணும் ஒழுக்கமும் உடையராய் வாழ்ந்த ஒருவரைக் கருதுக. ஐம்பத்தைந்து அகவையளவில் அவர் கடையிற் கண்ட பண்டத்தைக் கேளாது எடுத்துண்கின்றார். இழவு வீட்டிற் சிரிக்கின்றார். மனைவி நோயுற்றுக் கிடப்பினும் ஏனென்று கேளார். பெண்டிர் முன்னிலையில் வாய்க்கு வந்தது பேசுகின்றார். ஆயினும் தேவாரப் பதிகம் பிழையாது ஓதுவர். உறவினர் பெயரெல்லாம் அறிவர். ‘நினைவு தப்பவில்லையே, வேண்டுமென்றே செய்கின்றார்’ என வீட்டாரும், ‘இதுவே இவர் உண்மைக் குணம்’ எனத் தெருவாரும் முடிவு கட்டுவர்.

அம்முடிவு பிழை. மேனாட்டு மருத்துவர் பிரண்டோடெம்பொரல் டிமென்ஷியா என வழங்கும் நோயின் இயல்பு இது. இவ்வினத்து நோயை 1892-இல் பிராகு நகரத்து ஆர்னால்டு பிக் என்னும் மருத்துவர் எடுத்தெழுதினார். மூளையின் நெற்றிப் பகுதியும் பொட்டுப் பகுதியும் சிறிது சிறிதாகத் தேய்தலால் வருவது; பெரும்பாலும் 45 முதல் 65 வரையுள்ள அகவையில் தோன்றும். தொடக்கத்தில் நினைவு நிற்க, நாணும் இரக்கமும் அடக்கமும் முன்னே கெடும். சிலர்க்குப் பேச்சு முன்னர்க் கெடும். தேய்வைத் தடுக்கும் மருந்து இன்னும் இல்லை.

நாணும் இரக்கமும் மூளைத் தேய்வால் நீங்குமாயின், உயிரென ஒன்று வேண்டுவது என்னை என உலகாயதர் கடாவுவர். அற்றன்று. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் நான்கும் மாயையின் காரியமாகிய சடமே என்பது சைவர்க்குப் புதிதன்று. உயிரின் செயலும் அறிவும் இச்சையும் விளங்குதற்கு முறையே கலை, வித்தை, அராகம் என்னும் தத்துவங்கள் வேண்டப்படும். சிவஞானபோத நான்காஞ் சூத்திரம் உயிரை அமைச்சரொடு கூடிய அரசற்கு ஒப்பிடும். அதனை மாபாடியத்தில் விரித்த சிவஞான முனிவர் பொருநைக் கரை விக்கிரமசிங்கபுரத்துத் தோன்றியவரே. அமைச்சர் நோயுற்றுழி ஆணை பிறழ்தல் கொண்டு அரசன் இலன் என்றல் பொருந்தாது. அரசன் கொடியன் என்றலும் பொருந்தாது.

‘அவர் வினை அவர் நுகர்கின்றார், நாம் செய்வது யாது?’ என்பார் கூற்று இவற்றினும் கொடிது. நோய் பிராரத்தமே ஆகுக. கருவி பழுதுபடாத சுற்றத்தார் அவரை அடிப்பதும் பூட்டி வைப்பதும் கைவிடுவதும் யாருடைய ஆகாமியம்?

ஆதலின் குடும்பத்தார்க்கு முதற்கண் வேண்டுவது நோயின் பெயரறிதல். குணம் மாறியதெனக் கண்டவுடன் மந்திரிப்பாரை நாடி ஆண்டுகள் கழியாமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். வாதாடித் திருத்த முயலுதல் வீண். நிலப் பத்திரமும் வங்கிக் கணக்கும் காவலில் இருத்தல் வேண்டும். இது தாழ்ந்தால் குடும்பம் தெருவில் நிற்கும். கடைக்காரர்க்கு முன்னரே செய்தி சொல்லிப் பணம் கொடுத்து வைத்தல் நன்று. 1992-இல் கேரளத்தில் தோன்றிய அல்சைமர் சங்கம் இத்தகைய குடும்பங்களுக்கு வழிகாட்டி வருகின்றது.

பேணுவார்க்கு ஓய்வின்மையே பெருந்துன்பம். ஊர்தோறும் திருமுறை மன்றங்கள் உள்ளன. மன்றத்தார் இருவர் வாரத்தில் ஒருநாள் மாலை சென்று அவரோடிருந்து பதிகம் ஓதலாம். அவரும் உடன் ஓதுவர். அவ்விரண்டு நாழிகையில் அவர் மனைவியார் ஆற்றில் நீராடிக் காந்திமதியம்மை சந்நிதியில் தனியே சற்று அமர்ந்து வருவர்.