சிரட்டைப் பேயும் வைக்கோல் வெருளியும்



சென்ற வருடம் ஒக்டோபர் மாத இறுதியில், ஒரு மாலைப்பொழுதில், கொக்குவிலில் உள்ள கத்தோலிக்க இல்லமொன்றுக்குச் சென்றிருந்தோம். விறாந்தைக் கட்டில் மூன்று சிரட்டைகள் பக்கவாட்டில் நிறுத்தப்பட்டு, ஒவ்வொன்றின் பின்னாலும் மெழுகுதிரித் துண்டொன்று எரிந்துகொண்டிருந்தது. தேங்காய்க்கு மூன்று கண்கள் உண்டல்லவா? அவற்றில் மெதுவான கண்ணைப் பிள்ளைகளே திறந்துவிட்டார்கள். மற்ற இரண்டையும் தகப்பனார் ஆணியால் துளைத்துக் கொடுத்தாராம். பழைய வேட்டித் துண்டைப் போர்த்திய தும்புத்தடியொன்று மூலையில் பேயாக நின்றது. ரொறன்ரோவிலுள்ள பெரியம்மாவின் பிள்ளைகள் பூசணிக்காயில் முகம் வெட்டிக் கைத்தொலைபேசியில் காட்டினார்களாம். அதற்கு இது கொக்குவிலின் பதில்!

அம்மம்மாவுக்கோ கடுங்கோபம். "செத்தவையை வைச்சு விளையாடுறதோ, சுவாமி? நீங்களே கேளுங்கோ" என்றார்.

பதில் சொல்ல வாயெடுத்த நாம் தற்செயலாக மேலே பார்த்தோம். கட்டி முடியாத மேல்மாடியில், பானைத் தலையும் கரி மீசையுமாக வைக்கோல் அடைத்த வெருளியொன்று தொங்கிக்கொண்டிருந்தது. நாவூறு படாமலிருக்கவென்று அதைக் கட்டுவித்தவர் அதே அம்மம்மாதான்.

இவ்விரண்டில் எது பிழை? தோட்டத்தில் குருவியை விரட்ட நிறுத்தும் வெருளியில் பாவம் எதுவுமில்லை. அதே வெருளி வீட்டைக் காக்குமென்று நம்பும்போதுதான் சிக்கல் எழுகிறது. இறைவனுக்குரிய வழிபாட்டை வேறொன்றுக்குக் கொடுப்பதையும் புனித தோமஸ் அக்குவீனார் மூடபக்தி என்றார். சிரட்டை பேயல்ல என்பது அதைத் துளைத்த பிள்ளைக்குத் தெரியும். வெருளி காவற்காரனல்ல என்பது நமக்கு நிச்சயமாகத் தெரியுமா? சோறு உண்ண மறுக்கும் குழந்தையிடம் "முனி பிடிக்கும்" என்று சொல்லி வளர்த்துவிட்டு, கடதாசிப் பேயைக் கண்டு நாம் பதறுவதும் வேடிக்கையே.

ஹலோவீன் என்ற பெயரும் நம் திருச்சபைக்கு அந்நியமானதல்ல. நவம்பர் 1ஆம் திகதி வரும் சகல புனிதர் திருநாளுக்கு முந்திய இரவு என்பதே அதன் பொருள். அயர்லாந்து மக்கள் கிழங்கில் முகம் குடைந்து விளக்கேற்றினார்கள். அமெரிக்காவுக்குக் குடியேறியபின் பூசணிக்காய் அவர்கள் கைக்கு வந்தது. இன்று மேல்நாட்டுக் கடைகளில் பேய் மிஞ்சியிருக்கிறது, புனிதர்களைத் தேடவேண்டியிருக்கிறது. வருந்தத்தக்கது அதுவே.

ஆனால் அம்மம்மாவின் கோபத்தை மூடபக்தி என்று தள்ளிவிடவும் நமக்கு மனம் வரவில்லை. 1987 ஒக்டோபர் 24ஆம் திகதி, கொக்குவில் இந்துக் கல்லூரியில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் எறிகணைக்குப் பலியானதைக் கண்ட ஊர் இது. 1995இல் கணவரை அடக்கம் செய்த சில மாதங்களில், ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது, மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தவர் அவர். மூன்று நாள் கழித்து மரித்த விசுவாசிகளின் தினம் வந்தது. அந்தக் கல்லறையில் ஒரு மெழுகுதிரி கொளுத்த எவருமில்லை. பேரப்பிள்ளைகளுக்கு இக்கதையை அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

விக்கிரகங்களுக்குப் படைத்த உணவைப் பற்றிக் கொரிந்தியருக்கு எழுதிய புனித சின்னப்பர் இதே முடிச்சைத்தான் அவிழ்க்கிறார். விக்கிரகம் வெறுமையென்று அறிந்தவன் உண்பதில் குற்றமில்லை. ஆயினும் அருகிலிருக்கும் சகோதரனின் மனச்சாட்சி அதனால் புண்படுமானால், தாம் அதைத் தொடமாட்டேன் என்கிறார். அறிவு நம் பக்கம் இருப்பது மட்டும் போதாது என்பதல்லவா அவர் வாதம்? ஆகவே பிள்ளைகளிடம், "சிரட்டையில் பிழையில்லை, அம்மம்மாவிடம் கேட்டுவிட்டு ஏற்றுங்கள்" என்று மாத்திரம் சொன்னோம். கேட்டார்கள். அன்றிரவு வெகுநேரம் அவர் 1995ஆம் ஆண்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாராம்.

நவம்பர் 2ஆம் திகதி மாலை சேமக்காலையில் நல்ல காற்று. எல்லோருடைய மெழுகுதிரிகளும் அணைந்து அணைந்து எரிந்தன. ஒரு கல்லறையில் மட்டும் மூன்று சிரட்டைகளின் மறைவில் சுடர் அசையாது நின்றது. துளைத்த கண்களைப் பிள்ளைகள் கல்லறைப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார்கள். அம்மம்மா பார்த்துக்கொண்டு நின்றார், ஒன்றும் சொல்லவில்லை.

வெருளியைப் பற்றி நாம் மெல்ல விசாரித்தோம்.

"மேல்வீட்டு வேலை முடியட்டும் சுவாமி, பிறகு கழற்றுவம்" என்றார்.