தோற்பதற்கும் உரிமை வேண்டும்

எங்க சித்தப்பாவுக்கு பெங்களூர் என்றால் எலக்ட்ரானிக் சிட்டிதான். தருமபுரியில் பஸ் ஏறினால் ஓசூர் தாண்டி முதலில் அதுதான் வரும். தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே அவர் கம்பி கட்டினார், சித்தி சித்தாள். “கண்ணாடி மாட்டுற வரைக்கும்தான்டா நாம உள்ள போலாம். மாட்டிட்டா வாட்ச்மேன் வந்துருவான்” என்பார்.

கண்ணாடிக்கு உள்ளே நடந்ததை நாடு வீரகதையாகச் சொல்கிறது. 1981இல் ஏழு பேர் தொடங்கிய இன்ஃபோசிஸுக்கு முதல் 10,000 ரூபாய், நாராயணமூர்த்தியின் மனைவி சுதா மூர்த்தியின் சேமிப்பு. 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூர் வந்தது. 1991க்குப் பிறகு மென்பொருள் பூங்காக்கள். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு வேலை செய்து கொடுத்த தலைமுறைக்கு அடுத்து, பிறர் முதலில் சொந்தச் சரக்கு செய்கிற தலைமுறை வந்தது. டில்லி ஐ.ஐ.டி.யில் படித்த இருவர் 2007இல் தொடங்கிய ஃபிளிப்கார்ட்டில் 77 சதவீதப் பங்கை, 2018இல் வால்மார்ட் 1,600 கோடி டாலருக்கு வாங்கியது.

இந்தக் கூட்டத்தின் வேதவாக்கு ஒன்று உண்டு: தோல்வி என்பது அனுபவம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யாருக்கு அனுபவம்?

சித்தப்பா மகன் எங்க வீட்டில் முதல் என்ஜினியர். 2017இல் ஒரு செயலி செய்தான். பாலக்கோடு மார்க்கெட்டில் அன்றைய தக்காளி விலையை விவசாயியின் போனுக்கே சொல்லும். பேங்கில் ஜாமீன் கேட்டார்கள். சித்தியின் நகை அடகுக்குப் போனது. வியாபாரிகள் செயலியைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் கேட்டது, “ஊரா, காலனியா?” ஒரு வருஷத்தில் மூடினான். இன்று பெங்களூரில், அதே போன்ற ஒரு கம்பெனியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வண்டியில் சாப்பாடு கொண்டுபோகிறான்.

2016 ஜனவரியில் ஒன்றிய அரசு ‘ஸ்டார்ட்அப் இந்தியா’ தொடங்கி, 10,000 கோடி ரூபாய் நிதியம் அறிவித்தது. அது முதலீட்டு நிதியங்கள் வழியாகக் கம்பெனிகளில் பங்காகப் போகும் பணம். அதே வருஷம் ஏப்ரலில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் ‘ஸ்டாண்ட்அப் இந்தியா’ வந்தது. அது 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன். ஒரே அரசு, ஒரே வருஷம், இரண்டு சொற்கள். பங்கு போட்டவன் நட்டத்திலும் பங்காளி. கடன் கொடுத்தவனுக்கு நட்டம் கிடையாது, அது முழுக்க நம்ம தலையில்தான். அவர்களின் தோல்வி அனுபவம் ஆகிறது, நம்முடையது நோட்டீஸ் ஆகிறது.

பத்துப் பேர் விழுந்து ஒருவர் எழுகிற ஆட்டம் இது. விழுந்தபின் திரும்ப வர முடிந்தவன்தான் ஜெயிப்பான். தாத்தாவின் நிலமும் அப்பாவின் உத்தியோகமும் மாமனாரின் அறிமுகமும் கொடுக்கிற இந்த இரண்டாவது வாய்ப்புக்குத்தான் ‘தகுதி, திறமை’ என்று பெயர் கட்டமைக்கப்பட்டிருக்கிறது.

நமக்கு வெற்றியும் ஆபத்துதான். 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி சேரிகள் எரிக்கப்பட்டன. வெளியூர் போய் உழைத்துக் கட்டிய வீடுகள், சேர்த்த நகை, சான்றிதழ்கள். அந்தச் சேமிப்பு நம் ஆட்களின் முதல் இல்லையா?

“ஒரு தலித் முதலாளி வந்தால் கம்பி கட்டுறவன் கூலி ஏறுமா?” என்று தோழர்கள் கேட்கிறார்கள். ஏறாது. எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆனால் நான் கேட்பது முதலாளி நாற்காலியை அல்ல. முயன்று பார்த்து, தோற்று, தெருவுக்கு வராமல் வீடு திரும்பும் மரியாதையை. 2022-23இல் தமிழக அரசு தலித், பழங்குடியினரின் புதுத் தொழில்களுக்கு 30 கோடி ஒதுக்கியது. தொகை சிறிது. ஆனால் அது கடனில்லை, பங்கு. நட்டத்திலும் நானிருக்கிறேன் என்று அரசு சொல்வது அது. இந்தக் கோரிக்கையைத்தான் நாம் பெரிதாக்க வேண்டும்.

போன பொங்கலுக்கு வந்தவன், “இன்னொரு தடவ பண்ணலாமாம்மா?” என்று கேட்டான். சித்தி பதில் சொல்லவில்லை. நகை இன்னும் மீட்கப்படவில்லை.